பழைய தாயத்து, பழைய கல்: கோர்ப்பதா, குந்தன் பதிப்பதா, கூடு கட்டுவதா, நகல் எடுப்பதா?

பீரோவில் பாட்டியின் வெள்ளித் தாயத்து, ஊர்ப் பெட்டியில் ஒரு பிடி சூதுபவள (கார்னீலியன்) மணி, உடைந்த அட்டிகையிலிருந்து கழற்றி வைத்த கெம்புக் கல் நாலைந்து. இவற்றைப் போட்டுக்கொள்ளும் நகையாக மாற்ற நினைத்து சவுகார்பேட்டைக்கோ தி.நகருக்கோ போனால், கடையில் வரும் முதல் கேள்வி "எத்தனை கிராம்ல வேணும்?" என்பதுதான். தங்கத்துக்கு அது சரியான கேள்வி. பழைய பொருளுக்கு அது போதாது. தங்கத்தை உருக்கினால் மறுபடி தங்கம் கிடைக்கும். சூட்டில் வெடித்த மணியை ஒன்றும் செய்ய முடியாது. எனவே எந்த வழியாக இருந்தாலும் நாம் கேட்க வேண்டியது இது: பத்து வருடம் கழித்து இந்த வேலையைப் பிரித்தால், உள்ளே வைத்தது வைத்தபடியே வெளியே வருமா?

வழிகள் நான்கு. மணியாகக் கோர்ப்பது, அரக்கு நிரப்பிக் குந்தன் பதிப்பது, பின்பக்கம் திறந்த தங்கக் கூடு கட்டுவது, அசலைப் பத்திரப்படுத்திவிட்டு நகலைப் போட்டுக்கொள்வது. எங்கள் ஓட்டு பெரும்பாலும் கூட்டுக்குத்தான். ஆனால் எல்லாவற்றுக்கும் அல்ல.

பட்டறைக்கே எடுத்துப்போகக் கூடாதவை

புலிநகம், புலிப்பல், யானை முடி, தந்தம் ஆகியவை இந்த ஒப்பீட்டுக்குள்ளேயே வராது. வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம் 1972-இல் புலியும் யானையும் முதல் அட்டவணையில் இருக்கின்றன. கையில் இருப்பதை அறிவித்துச் சான்று பெற 2003-இல் 180 நாள் அவகாசம் கொடுத்தார்கள். அப்படிச் சான்று இல்லாத புலிநகத்தைப் பதக்கமாகப் போடுவது இருக்கட்டும், வீட்டில் வைத்திருப்பதே வழக்குக்கு இடம் கொடுக்கும். "தாத்தா காலத்துச் சொத்து" என்று சொன்னால் விட்டுவிட மாட்டார்கள். பத்தர் தொட மறுத்தால் அவர் சொல்வதுதான் சரி.

அடுத்தது தொல்பொருள் சட்டம். 1972-இன் தொல்பொருட்கள், கலைச்செல்வங்கள் சட்டப்படி, நூறு வருடமோ அதற்கு மேலோ பழமையான கைவினைப் பொருள் தொல்பொருள் என்ற வரையறைக்குள் வரலாம். தனியார் அதை நாட்டை விட்டு வெளியே கொண்டுபோக முடியாது. புதுத் தங்கத்தில் பதித்துவிட்டால் பழமை போய்விடாது. நியூ ஜெர்சியில் இருக்கும் மகளுக்கோ சிங்கப்பூர் மருமகளுக்கோ கொடுத்தனுப்பும் திட்டம் இருந்தால் முதலில் இந்தியத் தொல்லியல் துறையிடம் கேளுங்கள். சென்னை வட்ட அலுவலகம் ஜார்ஜ் கோட்டையில் இருக்கிறது. 'தொல்பொருள் அல்ல' என்ற சான்று கிடைத்தால் கொண்டுபோகலாம். கிடைக்காது என்று தெரிந்தால் நான்காவது வழியான நகல்தான் மிச்சம்.

வயலில், ஆற்றுப் படுகையில், மழைக்குப் பின் மண்ணில் பொறுக்கிய மணிகளுக்கு 1878-ஆம் ஆண்டின் புதையல் சட்டம் இருக்கிறது. மண்ணுக்குள் புதைந்து கிடந்தது, மதிப்பு பத்து ரூபாய்க்கு மேல் என்றாலே மாவட்ட ஆட்சியருக்குத் தெரிவிக்க வேண்டும். நொய்யல் கரையில் கொடுமணல் மணிப் பட்டறைகள் இருந்த ஊர். அங்கே ஒரு மணி எந்த மண்ணடுக்கில் கிடந்தது என்பதுதான் ஆய்வாளருக்கு வேண்டிய செய்தி. பொறுக்கிக் கோர்த்துவிட்டால் அது போனது போனதுதான்.

எகிப்திய ஃபையான்ஸ் (மெருகுப் பூச்சுள்ள சுட்ட பொருள்) வண்டு, கண் வடிவத் தாயத்து போன்றவற்றை வெளிநாட்டில் வாங்கியவர்கள் ஒன்றை நினைவில் வைக்கலாம். எகிப்து 1983-ஆம் ஆண்டின் 117-ஆம் எண் சட்டத்தால் தொல்பொருள் வணிகத்தையே நிறுத்திவிட்டது. அதற்குப் பிறகு அங்கே கடைத்தெருவில் வாங்கியது ஒன்று நினைவுப்பொருளாக இருக்கும், இல்லையென்றால் சிக்கலாக இருக்கும்.

கோர்ப்பது

துளை உள்ள மணிக்கு இதைவிட எளிய வழி இல்லை, செலவும் குறைவு. பொருளில் எதையும் வெட்டுவதில்லை, சூடு காட்டுவதில்லை. பிரிக்க ஒரு கத்தரிக்கோல் போதும்.

கெடுவது நூலில்தான். பழைய சூதுபவள மணிகளை இரண்டு பக்கத்திலிருந்தும் துளைத்திருப்பார்கள். நடுவில் இரண்டு துளையும் நேராகச் சந்திக்காமல் ஒரு சின்னப் படி நிற்கும். அந்தப் படியும் துளையின் வாய் விளிம்பும் பட்டு நூலைக் கொஞ்சம் கொஞ்சமாக அறுக்கும். சென்னை வியர்வையில் பட்டு நூல் சீக்கிரம் இற்றும் போய்விடும். அதனால் நைலான் பூச்சுள்ள மெல்லிய எஃகு இழையில் கோர்க்கச் சொல்லலாம், அல்லது துளை வாயில் மெல்லிய சுருள் கம்பி நுழைத்துப் பிறகு பட்டில் கோர்க்கலாம். இரண்டு மணிக்கு நடுவே ஒரு முடிச்சு கட்டாயம் வேண்டும். அறுந்தால் ஒரு மணிதான் விழும், ஒன்றோடு ஒன்று உரசித் தேயவும் தேயாது. தங்கக் கம்பியில் கொக்கி போட்டுக் கோர்ப்பதானால் 0.6 முதல் 0.8 மில்லிமீட்டர் கம்பி போதும். கம்பி நுழையவில்லை என்று துளையைப் பெரிதாக்க மட்டும் சம்மதிக்காதீர்கள். மணி வயதைச் சொல்லும் இடமே அந்தத் துளைதான். துளைக்கும்போது பிளப்பதும் அங்கேதான்.

வாங்கிக் கோர்ப்பவர்களுக்கு அதே துளை உதவும். இயந்திரத்தில் போட்ட புதுத் துளை ஒரே அகலத்தில், நேராக, உள்ளே வழவழப்பாக இருக்கும். பத்து மடங்கு பெரிதாக்கிக் காட்டும் லூப்பில் (கைலென்ஸ்) பார்த்தாலே தெரியும். கண்ணாடி மணியில் இதுவும் ஏமாற்றும். அரிக்கமேட்டில் கிடைப்பது போன்ற சின்னச் சின்ன ஒற்றை நிற மணிகளை, கண்ணாடியைக் குழாயாக இழுத்து வெட்டும் அதே பழைய முறையில், திருப்பதிப் பக்கம் பாப்பாநாயுடுபேட்டையில் நம் காலத்திலும் செய்திருக்கிறார்கள். கண்ணால் பார்த்து "ரெண்டாயிரம் வருஷம்" என்று விலை சொல்பவரிடம் மணிக்கான விலை மட்டும் கொடுங்கள், வருஷத்துக்குக் கொடுக்க வேண்டாம்.

குந்தன் பதிப்பு

பார்வைக்கு இதற்கு ஈடில்லை. கோயில் நகைகளின் அழகே இதுதான். 22 காரட் குழிக்குள் அரக்கு நிரப்பி, அதன் மேல் பளபளப்பான மெல்லிய தகடு வைத்து, கல்லை அமர்த்தி, சுற்றிலும் சுத்தத் தங்கத் தகட்டைக் கருவியால் அழுத்திக் கட்டுகிறார்கள். கல்லுக்குப் பக்கத்தில் தீ வருவதில்லை, அரக்கு இளகும் அளவுக்கான சூடுதான். அந்த வகையில் கல்லுக்கு நல்லது.

ஆனால் தண்ணீர் ஆகாது. கழுத்தில் போட்டபடி குளித்தால் ஓரத்தில் கண்ணுக்குத் தெரியாத இடுக்கு வழியாகச் சோப்புத் தண்ணீர் இறங்கித் தகடு கறுக்கும். மேலே பார்த்தால் கல்லே கறுத்துப்போனது போலிருக்கும். சுத்தம் செய்கிறேன் என்று அல்ட்ராசோனிக் தொட்டியில் போட்டால் கதை முடிந்தது. பிரிக்கும்போது தங்கத்தைக் குடைந்துதான் எடுக்க வேண்டும், மெல்லிய விளிம்புள்ள பழைய கல் அங்கே சில்லு போகும்.

இதற்கு எதிர்ப்பக்கமும் உண்டு, பலர் ஏமாறுவது அங்கேதான். பழைய அட்டிகைக் கெம்பு ஆழ்ந்த சிவப்பாகத் தெரிவதில் பாதி கல்லின் நிறம், பாதி அடியில் இருக்கும் தகட்டின் நிறம். அதைக் கழற்றிப் பின்பக்கம் திறந்த கூட்டில் வைத்தால் வெளிர் ரோஜா நிறத்தில் நிற்கும். "நல்ல கல்லை எடுத்துட்டு வேற வச்சிட்டீங்க" என்று பத்தரோடு சண்டை போடும் குடும்பங்களில் பலருக்கு, மாறியது கல் அல்ல, தகடுதான். ஆகவே ஏற்கெனவே தகடு வைத்துக் கட்டிய பழைய கெம்பு, தட்டை வைரம் ஆகியவற்றை மறுபடி குந்தனிலேயே கட்டுவது நல்லது. கூடுதான் எங்கள் தேர்வு என்றோமே, அதற்கு முதல் விலக்கு இது.

காசு விஷயத்திலும் ஒரு கண் வேண்டும். ஹால்மார்க் கட்டாயத்திலிருந்து குந்தனுக்கும், அதே மாதிரிக் கல் பதிப்பு வகைகளான போல்கி, ஜடாவு நகைகளுக்கும் விலக்கு உண்டு. எழுத்தும் எண்ணும் கலந்து ஆறு இடத்தில் வரும் ஹெச்.யூ.ஐ.டி. அடையாளக் குறி இல்லாமலே அவை விற்பனைக்கு வரலாம். தரத்துக்கு விற்பவர் சொல்தான் சாட்சி. காரட் மீட்டர் மேற்பரப்பை மட்டும் படிக்கும். மேலே அழுத்தியிருப்பது சுத்தத் தங்கம் என்பதால் எண் நன்றாகவே வரும். மொத்த எடையில் அரக்கும் கல்லும் எவ்வளவு என்று தனியாக எழுதி வாங்காவிட்டால் அரக்குக்கும் தங்க விலை கொடுப்பீர்கள்.

பின்பக்கம் திறந்த கூடு

கல்லைச் சுற்றி ஒரு தங்கச் சுவர், உள்ளே கல் உட்காரச் சின்னப் படி, மேலே ஒரு வளையம். அடியில் தகடு இல்லை. இரண்டு பக்கமும் செதுக்கிய தாயத்து, பின்புறம் எழுத்துள்ள முத்திரைக் கல், வெளிச்சம் ஊடுருவ வேண்டிய சூதுபவளம், படிகம் எல்லாவற்றுக்கும் இது பொருந்தும். வியர்வை தேங்காது, ஒரு மெல்லிய துணியால் பின்பக்கத்தையும் துடைக்கலாம்.

தங்கம் எவ்வளவு வேண்டும்? 15-க்கு 12 மில்லிமீட்டர் முட்டை வடிவக் கல் என்று வைத்துக்கொள்வோம். சுற்றளவு ஏறக்குறைய 42 மி.மீ. சுவர் 4 மி.மீ. உயரம், 0.45 மி.மீ. கனம் என்றால் 22 காரட்டில் 1.4 கிராமுக்குள் அடங்கும். படியும் வளையமும் சேர்த்தால் கால் பவுனுக்குச் சற்று மேல். அடியில் தகடு வைத்து மூடினால் இன்னும் ஒரு கிராம் கூடும். கடையில் இதே வேலைக்கு ஐந்து, ஆறு கிராம் சொன்னால் சுவர் தேவையில்லாத கனம் என்று பொருள். கனமான சுவரை மடக்க அதிக அழுத்தம் வேண்டும், அந்த அழுத்தமெல்லாம் பழைய கல்லின் மேல்தான் விழும்.

சுவருக்கு 22 காரட் நல்லது, காரணம் அது மெத்து. லேசான தள்ளலுக்கே படியும். கல்லை நான்கு கவ்விகளால் பிடிக்கும் வேலைக்கு 22 காரட் ஆகாது, துணியில் மாட்டி மாட்டிக் கவ்வி விரியும். அதற்கு 18 காரட் வேண்டும். பழைய மணிக்கும் தாயத்துக்கும் கவ்வி வேலையையே நாங்கள் பரிந்துரைப்பதில்லை. பிடி நாலு புள்ளியில் மட்டும் விழுகிறது, ஏற்கெனவே ரேகை ஓடிய கல்லுக்கு அது தாங்காது.

வேலையின் வரிசைதான் இதில் உயிர். வளையம், படி, எல்லாம் வெண்காரம் போட்டுப் பொடி வைத்துப் பற்றவைத்து, திராவகத்தில் சுத்தம் செய்து, பாலிஷ் போட்டு, கழுவிக் காயவைத்து, கூடு முழுதாக முடிந்த பிறகுதான் கல் பக்கத்தில் வர வேண்டும். அதன் பிறகு தீ இல்லை, திராவகம் இல்லை, பஃப் மோட்டார் இல்லை. சென்னைப் பட்டறைகளில் வேலை கெடுவது பெரும்பாலும் கடைசி ஐந்து நிமிடத்தில்: "ஒரு வளையம்தானே, ஈரத்துணி சுத்திப் பத்த வச்சிடலாம்மா." சூதுபவளத்திலும் அகேட்டிலும் நுண்துளைகளில் ஈரம் இருக்கும், திடீர்ச் சூட்டில் உள்ளிருந்து வெடிப்பு ஓடும். மரகதத்தில் இடுக்குகளை மறைக்கும் எண்ணெய் வெளியேறும். முத்து, பவளம், மாலக்கைட், நீல லாஜவர்தம் (லாபிஸ் லாசுலி) போன்றவற்றைத் திராவகம் தின்னும். பஃப் மோட்டாரின் சிவப்புப் பாலிஷ் பழைய மணியின் குழிகளில் புகுந்து போகாமல் நிற்கும். ஃபையான்ஸில் கறையே பிடித்துவிடும்.

அளவு பார்க்க அசலைக் கூட்டுக்குள் திரும்பத் திரும்ப அழுத்த வேண்டாம். மெழுகிலோ களிமண்ணிலோ ஒரு மாதிரி உருட்டிக் கொடுத்தால் பத்தர் அதை வைத்தே சுவரைச் சரிசெய்வார். கல் ஆடினால் பசை ஊற்றுவது அடுத்த கேடு. ஃபெவிக்விக் வெள்ளையாகப் படரும், அரால்டைட் பிரிக்கும்போது மேற்பரப்பையும் சேர்த்து உரிக்கும். அருங்காட்சியகங்களில் பயன்படுத்தும் பாராலாய்ட் பி-72 அசிட்டோனில் கரையும், ஒட்டித்தான் ஆக வேண்டும் என்றால் அது. அசிட்டோன் தாங்கும் பொருள்தானா என்று மட்டும் முதலில் பார்த்துக்கொள்ள வேண்டும்.

பூஜைக்காகவோ வேறு காரணத்துக்காகவோ அடிக்கடி வெளியே எடுக்க வேண்டிய தாயத்தென்றால் சுவரை மடக்கும் கூடு வேண்டாம். இரண்டு மூன்று முறை திறந்து மூடினாலே தங்க விளிம்பு முறியும். முன்சட்டம், பின்சட்டம் என இரண்டாகச் செய்து கைக்கடிகாரத்தில் வருவது போன்ற குட்டித் திருகு இரண்டால் பூட்டலாம். செய்கூலி கூடும், கனமும் கூடும். பிரிப்பது என்ற நம் சோதனையில் முழு மதிப்பெண் வாங்குவது இதுதான்.

மோதிரமாகக் கட்டலாமா என்று கேட்பவர்களுக்குச் சுருக்கமான பதில்: மாணிக்கம், நீலம் என்றால் கட்டலாம். தெருப் புழுதியில் இருப்பது குவார்ட்ஸ், கல்லின் கடினத்தைச் சொல்லும் மோஸ் அளவில் அது 7. அதற்குக் கீழே உள்ள லாஜவர்தம், டர்க்காய்ஸ், பவளம், முத்து எல்லாம் விரலில் தினம் தேயும். செதுக்கு வேலை உள்ள கல்லைப் பேருந்துக் கம்பியில் இடிக்கவிட வேண்டாம், பதக்கமாகவே இருக்கட்டும்.

குழாய்த் தாயத்து மட்டும் தனிக் கதை

வெள்ளியிலோ செம்பிலோ குழாய், உள்ளே சுருட்டிய தகடு அல்லது ஓலை, வாயை அரக்கால் அடைத்திருப்பார்கள். முதலில் தேய்வது மேலே உள்ள காது. கயிறு உரசி உரசி அது நூல் கனத்துக்கு வந்திருக்கும். "காதை மட்டும் மாத்தி வச்சுக்கலாம்" என்பது இயல்பான யோசனை, ஆபத்தானதும் அதுதான். வெள்ளி சூட்டை வேகமாகக் கடத்தும். காதில் காட்டிய தீ நொடியில் குழாய் முழுக்கப் பரவும். அரக்கு வழியும், உள்ளே ஓலை இருந்தால் கருகும். லேசர் வெல்டிங்கில் சூடு சின்ன இடத்தில்தான் நிற்கும். ஆனாலும் வெள்ளி லேசர் ஒளியைத் திருப்பி அனுப்பும் உலோகம், மெல்லிய சுவரில் பொத்தல் விழலாம்.

காதைத் தொடாமல் இரண்டு முனையிலும் குப்பி போடுவது நல்லது. 25 மி.மீ. நீளம், 8 மி.மீ. விட்டமுள்ள குழாய்க்கு, முனைக்கு 6 மி.மீ. ஆழத்தில் 0.4 மி.மீ. தகட்டில் இரண்டு குப்பி செய்தால் தங்கத்தில் மூன்று கிராமுக்குச் சற்றுக் குறைவு, வெள்ளியில் ஒன்றே முக்கால் கிராம்கூட வராது. குப்பிகளை மேலே ஒரு கம்பியால் இணைத்து அந்தக் கம்பியில் வளையம் வைத்தால், பாரம் முழுவதும் புதுக் கம்பியில் விழும். பழைய காது சும்மா இருக்கும். வெள்ளித் தாயத்துக்கு வெள்ளிக் குப்பியே போதும். செம்பு, வெண்கலத் தாயத்துக்குத் தங்கக் குப்பி போடுவதில் ஒரு சிக்கல் உண்டு. இரண்டு உலோகமும் உப்பு வியர்வையும் சேரும்போது அரிப்பு வேகமாகும், அரிபடுவது தங்கம் அல்ல. நடுவே மெல்லிய பூச்சு ஒன்று தடுப்பாக இருக்க வேண்டும்.

பழைய வெண்கலத்தில் வெளிர்பச்சைப் பொடி உதிர்கிறதா என்று பாருங்கள். வழவழப்பான கரும்பச்சைப் படலம் பரவாயில்லை. தொட்டால் கையில் ஒட்டும் பொடி என்றால் உள்ளே குளோரைடு வேலை செய்துகொண்டிருக்கிறது. காற்றில் ஈரப்பதம் பாதிக்கு மேல் இருக்கும் வரை அது நிற்காது, சென்னையில் அது எப்போது பாதிக்குக் கீழே இறங்குகிறது? அந்தத் தாயத்தைப் போட்டுக்கொள்ள வேண்டாம். சிலிக்கா ஜெல் போட்ட காற்றுப் புகாத டப்பாவில் வையுங்கள். புளி போட்டுத் துலக்கவே கூடாது.

நகல்

ஃபையான்ஸ், பொடி உதிரும் வெண்கலம், விரிசல் ஓடிய முத்திரைக் கல் ஆகிய மூன்றுக்கும் நகல்தான் சரி. ஒரே ஒரு எச்சரிக்கை. வார்ப்புப் பட்டறைகளில் வழக்கமாக எடுக்கும் ரப்பர் அச்சு, அழுத்தத்தில் 150 டிகிரி அளவுக்குச் சூடேற்றி வேகவைப்பது. அசலை அதற்குள் வைத்தால் திரும்பி வராது. குளிர்ந்த நிலையில் இறுகும் சிலிக்கோன் அச்சும் நுண்துளையுள்ள பொருளில் எண்ணெய்க் கறை விடும். முப்பரிமாண ஸ்கேன் எடுத்து, அச்சடித்த ரெசினிலிருந்து வார்ப்பதுதான் பொருளைத் தொடாத வழி. வார்ப்பு கொஞ்சம் சிறுத்து வரும், அதற்கேற்ப அளவைக் கூட்டச் சொல்ல வேண்டும். ஐம்படைத் தாலி போன்ற பழைய வடிவங்களைக் குழந்தைக்குப் போட நினைப்பவர்களுக்கும் இதையே சொல்வோம். குழந்தை எதையும் வாயில் வைக்கும், பழைய உலோகத்தில் ஈயம் இருக்கக்கூடும்.

கொடுக்கும்போதும் வாங்கும்போதும்

கல்லையும் தாயத்தையும் ஒவ்வொன்றாக 0.01 கிராம் துல்லியத் தராசில் நிறுத்து, முன், பின், பக்கவாட்டு என மூன்று படம், பக்கத்தில் மில்லிமீட்டர் அளவுகோல் வைத்து எடுங்கள். கல்லுக்குள் இருக்கும் ரேகைகளையும் லூப் வழியாக ஒரு படம் எடுத்தால் அதுவே கைரேகை. ரசீதில் 'கல் 4' என்று எழுதினால் போதாது, எடையும் இருக்க வேண்டும். கல் எடையில் ஒரு காரட் என்பது 0.2 கிராம் (தங்கத்தின் தரத்தைச் சொல்லும் காரட் வேறு).

ஹால்மார்க் வேண்டுமென்றால் பதிவு பெற்ற நகைக்கடை வழியாகத்தான் வரும், பட்டறைப் பத்தர் நேரடியாக வாங்கித் தர முடியாது. இரண்டு கிராமுக்குக் குறைந்த உருப்படிக்கு அது கட்டாயமும் இல்லை. கூட்டுக்கு வாங்குவதானால் கல் பதிக்கும் முன்பே வெறுங்கூட்டுக்கு முத்திரை வாங்கிவிடச் சொல்லுங்கள். நிகர எடை தெளிவாக வரும், அசல் கல் கடை கடையாக அலையவும் வேண்டாம்.

முடிந்த நகையைக் காதருகே வைத்து ஆட்டுங்கள். 'டக்' என்று சத்தம் வந்தால் கல் படியில் சரியாக உட்காரவில்லை. விளிம்பைச் சுற்றி ஒரு நைலான் துணியை இழுத்துப் பாருங்கள். எங்கே மாட்டுகிறதோ அங்கே சுவர் தூக்கி நிற்கிறது. இரண்டையும் பத்தர் கைக்கருவியால் அங்கேயே சரிசெய்யலாம், அதற்குத் தீ தேவைப்படாது. தீ வேண்டும் என்று அவர் சொன்னால் முதலில் கல்லைக் கழற்றிக் கையில் வாங்கிக்கொள்ளுங்கள்.